மூன்று பேருக்கான வாடகை

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி மேட்டுக்கு ஏறும் குறுக்கு வீதியில், றலியா டீச்சரின் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. வீடு என்று சொல்லித்தான் வாடகைக்குக் கொடுத்தார்கள், ஆனால் இருப்பது ஓர் அறைதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதோடு ஒட்டினாற்போல் சமையலுக்குத் தகரம் போட்ட ஒரு குசினி. வெளியே குளிக்கிற மறைவு. மேற்குப் பக்கத்துச் சுவர் கார்த்திகையில் நனையத் தொடங்கினால் மாசி வரைக்கும் காயாது. அந்த அறைக்கு மாதம் மூவாயிரம் ரூபா கொடுத்துக்கொண்டு இராஜரத்தினம் தனியாக இருந்தார். அந்த வீதியில் உள்ளூர்க்காரருக்கு அதைவிட நல்ல அறைகள் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைத்த காலம் அது. மனிதருக்கு மூளை பிசகிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு மூளையெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அவர் கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர். ஊர் யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாய். தொண்ணூறாம் ஆண்டு இடமாற்றம் கிடைத்து வந்தவர், மனைவி லீலாதேவியையும் மகள் நளாயினியையும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தார். ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்தார். யுத்தத்தில் பாதை மூடியது. ஆறு மாதம் ஆறு வருடமாயிற்று. அதற்குள் அவர்கள் ஊரைவிட்டு ஓடி, கிளிநொச்சியில் ஒரு கொட்டிலில் இருந்து, அங்கிருந்தும் ஓடி, தொண்ணூற்றாறு முடியும்போது வவுனியாவில் ஒரு முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். முகாமிலிருந்து முதல் கடிதம் வந்தபோது இராஜரத்தினம் கட்டுக்கலையில் ஒரு போர்டிங்கில் இருந்தார். ஒரே அறையில் ஐந்து ஆண்கள். அவருடைய இடம் கதவுக்குப் பின்னால், ஒரு பாய் அளவு.

லீலாதேவி எழுதியிருந்தாள்:

"இஞ்ச ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில சீலையைக் கட்டிப் பிரிச்சு இருபத்தேழு குடும்பம் இருக்கிறம். வெளியில போக விடமாட்டினம். உங்கட பக்கத்தில ஒரு விலாசம் வேணுமாம். பொலிசில பதிஞ்ச வீடாயிருக்க வேணுமாம். அங்கத்தைப் பொலிஸ் போய் விசாரிச்சு, ஓம் இந்த வீட்டில இவைக்கு இடமிருக்கு எண்டு எழுதினால் பாஸ் தருவினம். நளாவுக்குப் பதினாலு வயசு. இந்த மண்டபத்தில அவளை வைச்சிருக்க எனக்குப் பயமாயிருக்கு. கெதியாப் பாருங்கோ."

அன்று பின்னேரமே வீடு தேடத் தொடங்கினார்.

அஸ்கிரியவில் ஒரு சிங்கள அம்மா அவரை இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தார். அறையைக் காட்டினார். இரண்டாயிரம் என்றார். பிறகு பெயரைக் கேட்டார். பெயரைச் சொன்னதும் தன் தங்கையின் மகன் அடுத்த மாதம் வந்து தங்கப்போவது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "பவ்" என்று உண்மையாகவே இரங்கினார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுப் போகும்படி வற்புறுத்தினார்.

பேராதனையில் ஸ்ரீஸ்கந்தராசா என்று ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர், நம்முடைய ஆள், மாடியில் ஓர் அறை விடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனார்.

"தம்பி எந்த ஊர்?"

"சண்டிலிப்பாய், ஐயா."

"அப்ப பக்கம்தான். வெளியில ஆர் இருக்கினம்?"

இராஜரத்தினம் திரும்பி வாசலைப் பார்த்தார். "வெளியில ஒருத்தரும் இல்லை. நான் தனியத்தான் வந்தனான்."

"அதில்லையப்பா. கனடா, லண்டன்... ஆர் இருக்கினம் எண்டு கேக்கிறன்."

"அப்பிடி ஒருத்தரும் இல்லை."

"அப்ப காசு எங்கயிருந்து வரும்?"

"எனக்குச் சம்பளம் வருது, ஐயா."

"சம்பளமோ!" என்று எஞ்சினியர் மனம்விட்டுச் சிரித்தார். "நாலாயிரம். ஒரு வருசம் முன்னுக்குத் தரவேணும். ஊர்க்காரன் எண்டபடியால்தான் இந்த விலை."

இராஜரத்தினத்துக்குக் கழிவெல்லாம் போகக் கைக்கு வருவது ஐயாயிரத்துச் சொச்சம். அதில் ஆயிரத்து ஐந்நூறு வவுனியாவுக்குப் போகும். வங்கியில் பதினோராயிரம் சேர்த்து வைத்திருந்தார். அது ஆறு வருடத்துச் சேமிப்பு. இந்தக் கணக்கோடு இருபத்திரண்டு வீடுகள் ஏறி இறங்கினார். விலை படிந்த இடத்தில் ஆள் படியவில்லை. ஆளை ஏற்ற இடத்தில் விலை எட்டவில்லை.

கந்தோரில் அவருக்குப் பக்கத்து மேசை விவேகானந்தனுடையது. வத்தேகமப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து படித்து உத்தியோகத்துக்கு வந்தவன். முப்பது வயதிருக்கும். அவன்தான் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னான்.

"அண்ணே, போற எடத்துலயெல்லாம் நீங்க குடும்பக் கதைய மொதல்லயே எடுத்து வுட்டுர்றீங்க. பொண்டாட்டி, வயசுக்கு வந்த புள்ள, வவுனியா, கேம்ப்பு... அவன் கதவச் சாத்தாம என்னா பண்ணுவான்? தனியாள்னு சொல்லி உள்ள போயிருங்க. ரெண்டு மாசம் நல்லபடியா இருந்து காட்டுங்க. பொறகு மெதுவாச் சொல்லுங்க. பழகுன பொறகு யாரும் வெளிய போன்னு சொல்ல மாட்டாங்க."

"பொய் சொல்லச் சொல்லுறீரோ?"

"பொய் இல்லண்ணே. மிச்சத்தப் பொறகு சொல்றது."

விசாரணைக் கடிதம் வவுனியாவிலிருந்து கண்டிக்கு வந்துசேர எப்படியும் மூன்று மாதம் செல்லும் என்று பலரும் சொன்னார்கள். மூன்று மாதம் போதும் என்று இராஜரத்தினம் நினைத்தார்.

றலியா டீச்சரின் அறையைப் பற்றிய பேச்சுவார்த்தை அவருடைய தம்பி பளீலோடுதான். பளீலுக்குப் பாலத்தடியில் ஓர் இரும்புக் கடை. கணவனை இழந்த தமக்கையின் வீட்டுக் காரியங்களை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தமக்கையை அவர்கள் வழக்கப்படி 'தாத்தா' என்று கூப்பிடுவார்; அவரை மற்றவர்கள் அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்பார்கள்.

"தனியாளா, குடும்பமா?" என்றார் பளீல், ஆணி நிறுத்துக்கொண்டே. "தனியாள் எண்டா ஆயிரத்தி எண்ணூறு, ஆறு மாசம் முன்னுக்கு. குடும்பம் எண்டா மூவாயிரம், ஒரு வருஷம் முன்னுக்கு."

"அறை ஒண்டுதானே? ஏன் இவ்வளவு வித்தியாசம்?"

"தனியாள் வெள்ளனப் போனா அந்திக்குத்தான் வாரார். குடும்பம் எண்டா ஊரே தேடி வரும். செக்கிங் வந்தா எங்கட தாத்தாதான் வாசல்ல நிண்டு பதில் செல்லணும். அதுக்கும் சேத்துத்தான் அந்த வெல. நீங்க செல்லுங்க, தனியாளா, குடும்பமா?"

குடும்பம் என்றால் முப்பத்தாறாயிரம். தனியாள் என்றால் பத்தாயிரத்து எண்ணூறு. பஸ்ஸில் வரும்போதே இராஜரத்தினம் கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தார்.

"தனியாள்," என்றார்.

மறுநாள் டீச்சர் அவரைப் பொலிசுக்குக் கூட்டிப்போனார். வடக்கிலிருந்து வந்த தமிழரை வீட்டில் வைத்திருப்பவர்கள் குடியிருப்போர் பட்டியலில் பதிந்து முத்திரை வாங்க வேண்டும். டீச்சருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கை. படிவத்தைத் தானே வாங்கி, மேசை ஓரத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தையும் முத்துமுத்தாக எழுதினார்.

"கலியாணம் முடிச்சா, தம்பி?"

"இல்லை, ரீச்சர்."

பேனா நின்றது. "நாப்பத்தி நாலு வயசு எண்டு போட்டீக்கி. இன்னும் இல்லயா? என்ன மனிசன் நீங்க!" கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஆட்கள் தொகை என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினார். சார்ஜன் முத்திரை குத்தினார். இராஜரத்தினம் பதிவு இலக்கத்தையும் விலாசத்தையும் ஒரு துண்டில் எழுதி அன்றைக்கே லீலாதேவிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். படிவத்தில் என்ன எழுதப்பட்டது என்பதை அவளுக்கு எழுதவில்லை.

டீச்சர் நல்ல மனிதர். வெள்ளிக்கிழமைகளில் மூடிய கோப்பையில் ஏதாவது சமைத்ததை அனுப்புவார். அல்லது தானே கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு நின்று கதைப்பார். கதை எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் போய் முடியும்.

"எங்கட ஸ்கூல்ல படிப்பிச்ச செசிலியா டீச்சர் ஈக்கிறாங்க. ஒங்கட பக்கத்து ஆள்தான். வயசு நாப்பது. வேதக்காரங்க எண்டா ஒங்களுக்குப் பரவாயில்லயா?"

"வேண்டாம், ரீச்சர்."

"ஏன் வேண்டாம்? நல்லாச் சமைப்பா. கொஞ்சம் சத்தமாப் பேசுவா, அவ்வளவுதான். ஒங்கட பேசாத வாய்க்கு அது சரியா ஈக்கும்."

அவர் சிரிப்பார். டீச்சர் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்தபடி கனநேரம் இருப்பார். தான் பாயில் படுத்து, மனைவிக்கும் மகளுக்குமென்று விட்டிருந்த கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி. அதில் மூன்று பீங்கான் தட்டுகள், ஒரு சோடித் தலையணை உறை, பள்ளிக்கூடச் சட்டைக்கு நாலு யார் வெள்ளைத் துணி. ஒவ்வொரு சம்பளத்துக்கும் ஒன்று வாங்கிச் சேர்த்தது. ஜன்னலுக்குக் கீழே ஒரு சின்ன மேசையும் போட்டிருந்தார். கந்தோர் வேலை செய்வதற்கு என்று டீச்சரிடம் சொன்னார். மேசையின் இழுப்பு லாச்சிக்குள் ஒன்பதாம் ஆண்டுக்கு வேண்டிய கொப்பிகள் பன்னிரண்டு இருந்தன.

சொல்லிவிட வேண்டும் என்று நாள்தோறும் நினைத்தார். பளீல் கடையில் இல்லாத நாளாக, டீச்சர் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்தார். அப்படியொரு நேரம் வாய்த்தால் நாக்கு எழவில்லை. கடைசியில் ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சொல்வதென்று முடிவு செய்தார். பெருநாளில் ஒருவரை வெறுத்துப் பேச டீச்சரால் முடியாது என்பது அவருடைய கணக்கு.

பெருநாள் அன்று ஒரு பெட்டி அப்பிளோடு முன்வீட்டுக்குப் போனார். வீடு நிறைய ஆட்கள். டீச்சர் அவரைக் கதிரையில் இருத்தி வட்டிலப்பம் வைத்தார்.

"ரீச்சர், உங்களோட ஒரு விசயம் கதைக்க வேணும்."

"எனக்குத் தெரியும்." டீச்சரின் முகம் மலர்ந்தது. "யோசிச்சுப் பாத்தீங்க போல. செசிலியா டீச்சர்ட விசயந்தானே?"

கதவடியில் நின்ற பளீல் சத்தமாகச் சிரித்தார். "பாத்தீங்களா, தாத்தா? நீங்க சென்னா கல்லும் கரையும்." குசினிக்குள்ளிருந்து பெண்களின் சிரிப்பும் கேட்டது. இராஜரத்தினமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வட்டிலப்பத்தைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு சொல்லுறன் என்று எழுந்து வந்துவிட்டார்.

ஐந்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, கந்தோரால் வந்தபோது டீச்சர் கேற்றடியில் அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றார். ஒரு பெரிய உபகாரம் செய்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

"தம்பி, பொலிஸ்ல ஈந்து ரெண்டு பேர் வந்தாங்க. பயப்பட ஒண்டும் இல்ல. ஆரோ ஒரு பொம்புள வவுனியாவுல ஒங்கட பொஞ்சாதி எண்டு எழுதிக் குடுத்தீக்கிறாளாம். ஒரு கொமருப் புள்ளயும் ஈக்கிதாம். ரெண்டு பேரும் இங்க வரப்போறாங்களாம். எப்படி கத?"

இராஜரத்தினம் கேற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வுட்டுருவனா? இவரு தனியாள், நானே இவருக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு ஈக்கிறேன் எண்டு சென்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. கையெழுத்தும் வச்சுக் குடுத்தேன். ஒங்கட விலாசம் எப்படித்தான் அவளுக்குக் கெடச்சதோ. இந்தக் காலத்துல ஆரத்தான் நம்புற?"

"ரீச்சர்..."

"என்ன, மொகம் இப்படிப் போச்சு? அதான் நான் சரியாச் சென்னேனே."

"அவ என்ர மனிசி, ரீச்சர். அது என்ர பிள்ளை."

டீச்சர் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தார். மறுபடியும் சரிசெய்தார்.

"அப்ப நான் பொலிசுக்குப் பொய்யா சென்னேன்?"

"நீங்கள் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்."

"வச்சது எண்ட கையெழுத்து. ஏன் தம்பி மறச்சீங்க? நீங்க மொதல்லயே சென்னீந்தா..."

அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பளீல் முப்பத்தாறாயிரம் கேட்டிருப்பார். இராஜரத்தினம் இருபத்துநாலாவது வீட்டைத் தேடிப் போயிருப்பார். டீச்சர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை கோப்பை வரவில்லை.

ஆனால் சனிக்கிழமை காலையில் அவரே சீலை மாற்றிக்கொண்டு வந்து, புறப்பட்டு நின்றார். "வாங்க, பொலிசுக்குப் போவோம். எழுதினத மாத்தணும்."

சார்ஜன் பட்டியலையும் டீச்சரையும் மாறிமாறிப் பார்த்தார். புதன்கிழமை ஒருவர் என்றீர்கள், இன்றைக்கு மூவர் என்கிறீர்கள், இதில் எதை நான் நம்புவது என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு, இப்படி மாற்றிச் சொல்ல இந்த ஆள் எவ்வளவு தந்தான் என்றும் கேட்டார். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுத்த டீச்சர் காதுவரைக்கும் சிவந்துபோய் நின்றார். இராஜரத்தினம் கல்யாணப் பதிவின் பிரதியைக் காட்டினார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சார்ஜன் ஒன்று என்பதை வெட்டி மூன்று என்று எழுதி, இரண்டு பெயரையும் சேர்த்து, பக்கத்தில் முத்திரை வைத்தார். ஆனால் புதன்கிழமை எழுதிய அறிக்கை வவுனியாவுக்குப் போய்விட்டது. இனி அங்கிருந்து புதிதாக விசாரணை வந்தால்தான் புதிதாகப் பதில் எழுதலாம் என்றார்.

புதிய விசாரணை வரவில்லை. லீலாதேவியின் கடிதம்தான் வந்தது.

"இஞ்ச முகாம் கந்தோரில எல்லாருக்கும் முன்னால வாசிச்சுக் காட்டினவை. அப்பிடி ஒரு ஆள் அந்த விலாசத்தில இருக்கிறாராம், ஆனால் அவருக்கு மனிசி பிள்ளை ஒருத்தரும் இல்லையாம், கலியாணம் பேசி நடக்குதாம். பக்கத்தில நிண்ட சனம் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டன். கலியாண எழுத்தைக் காட்டினன். அது பழைய கடதாசி எண்டினம். நளா ரெண்டு நாளாக் கதைக்கேல்லை. பிறகு, அப்பா அங்க வேற கலியாணம் கட்டப்போறாரோ எண்டு ஒரேயொருக்காக் கேட்டவள். நான் அடிச்சுப்போட்டன். ஏன் அடிச்சன் எண்டு தெரியேல்லை. விலாசம் சரிவராத ஆக்களைக் கப்பலுக்குப் பதியினம். எங்களையும் பதிஞ்சாச்சு. யாழ்ப்பாணம் போறம். நீங்கள் ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை. காரணம் இருக்கும். பிள்ளைக்கு என்ன சொல்லுறது எண்டுதான் தெரியாமல் இருக்குது."

இராஜரத்தினம் நாலு பக்கத்தில் பதில் எழுதினார். வீட்டு வாடகை பற்றி, ஆயிரத்து எண்ணூறு பற்றி, மூவாயிரம் பற்றி, முற்பணம் பற்றி எல்லாம் எழுதினார். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது ஆயிரத்து இருநூறு ரூபா வித்தியாசத்துக்காக ஒரு மனிதன் தன் குடும்பத்தை இல்லையென்று சொன்ன கதையாக அது இருந்தது. அதைக் கிழித்துப்போட்டு இன்னொன்று எழுதினார். அந்தக் கடிதம், பெறுநர் இங்கு இல்லை என்ற குறிப்போடு இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அதற்குள் அவர்கள் கப்பலேறிவிட்டார்கள்.

ஆறு மாத முற்பணம் முடிந்த நாளில் பளீல் அவரைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"எண்ட தாத்தாவப் பொலிசுல தலகுனிய வச்சீங்க. அத நான் பேச இல்ல, தாத்தா பேச வேண்டாம் எண்டிட்டாங்க. வாடகயப் பத்தி மட்டும் பேசுறேன். லிஸ்ட்ல இப்ப மூணு பேரு. அப்ப மூணு பேருக்குள்ள வாடகதானே?"

"அவையள் வரேல்லையே, நானா. நான் தனியத்தானே இருக்கிறன்."

"நாளைக்கே வந்து நிண்டா? அவங்கட பேருக்கும் தாத்தாதான் பொறுப்பு. ஒண்டு செய்ங்க. அந்த ரெண்டு பேரயும் வெட்டச் செல்லுங்க. பழைய வாடகயே போதும்."

அந்த இரண்டு பெயர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறவரைக்கும் அவர்களுக்குக் கண்டியில் ஒரு விலாசம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வரவும் இதே விலாசத்தைத்தான் கேட்பார்கள். இப்போது வெட்டிவிட்டுப் பிறகு சேர்க்கப்போனால், மூன்றாம் முறையாகவும் மாற்றுகிறாயா என்று சார்ஜன் கேட்பார். வேறு வீடு போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இராஜரத்தினம் அதிகம் யோசிக்கவில்லை.

"மூவாயிரம் தாறன்," என்றார்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தினார். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு நடந்து வந்தார். கந்தோரில் விவேகானந்தன் ஒருநாள் சோற்றுப் பார்சலைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"நான் சொன்னதாலதானேண்ணே எல்லாம்."

"நீர் சொன்னீர். நான் எல்லோ கேட்டனான்."

"திட்டவாச்சும் திட்டுங்கண்ணே."

"திட்டி என்ன வரப்போகுது? இரும். ரெண்டு பேரும் சாப்பிடுவம்."

தொண்ணூற்றெட்டு தை மாதக் கடைசியில் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. கண்டியில் இருந்த வடக்குத் தமிழர்கள் அதற்குப் பிறகு பல நாள் தெருவில் நிமிர்ந்து நடக்கவில்லை. பத்து நாள் கழித்து, விடியற்காலையில், குறுக்கு வீதியை இரண்டு பக்கமும் மறித்துக்கொண்டு பொலிசும் ஆமியும் வீடு வீடாக வந்தார்கள்.

முத்திரை குத்திய பட்டியலின் பிரதி கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தது. எல்லாத் தமிழரும் அப்படித்தான் ஒட்டி வைத்திருப்பார்கள். கொஸ்தாப்பல் டோர்ச் அடித்து அதை வாசித்தான். மூன்று பெயர். அறைக்குள் பார்த்தான். ஒரு மனிதர்.

மற்ற இரண்டு பேரும் எங்கே என்று சிங்களத்தில் கேட்டான்.

"அவர்கள் இன்னும் வரவில்லை," என்றார் இராஜரத்தினம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

வராதவர்களின் பெயர் எப்படிப் பட்டியலில் வந்தது? கொஸ்தாப்பல் பெட்டியை வெளியே இழுத்தான். மூன்று தட்டுகள். மேசை லாச்சியைத் திறந்தான். கொப்பிகள். வெள்ளைத் துணியை உதறிப் பார்த்தான். அது ஒரு பெண் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டைக்கான துணி என்று அவனுக்கும் விளங்கியது. இங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள், எங்கேயோ அனுப்பிவிட்டான் என்று பின்னால் நின்றவனிடம் சொன்னான்.

இராஜரத்தினத்தை லொறியில் ஏற்றினார்கள். பொலிஸ் நிலையத்தின் பின்பக்கத்து மர வாங்கில் இன்னும் பதினான்கு தமிழரோடு பின்னேரம் வரைக்கும் இருந்தார். மனைவியும் மகளும் எங்கே என்று நாலு பேர் நாலு தடவை கேட்டார்கள். வரவில்லை என்ற ஒரே பதிலை நாலு தடவையும் சொன்னார். மூன்று மணிக்கு றலியா டீச்சர் வந்தார். அதே சார்ஜனுக்கு முன்னால் மூன்றாம் தடவையாக நின்றார்.

"அவங்க வரவே இல்ல, மாத்தயா. ஒரு நாள் கூட இங்க வந்து ஈக்க இல்ல. இவருதான் அவங்களுக்கும் சேத்து வாடக கட்டுறாரு."

சார்ஜன் கேட்டது தமிழா சிங்களமா என்று இராஜரத்தினத்துக்கு ஞாபகமில்லை. வராத ஆட்களுக்கு வாடகையா என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. பேனையைத் திறந்து, அந்த இரண்டு பெயரையும் இப்போதே வெட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒவ்வொரு சோதனைக்கும் நீ இங்கேதான் வந்து இருப்பாய் என்றார்.

"வெட்டவேண்டாம்," என்றார் இராஜரத்தினம்.

வெளியே பளீல் ஓட்டோவோடு நின்றார். மூவரும் ஏறினார்கள். ஓட்டோ பாலத்தில் ஏறியது. கீழே மகாவலி கலங்கல் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது.

"அடுத்த மாசத்துல ஈந்து ஆயிரத்தி எண்ணூறே தாங்க," என்றார் பளீல், வெளியே பார்த்துக்கொண்டு. "பேர வெட்டிட்டு நிம்மதியா ஈங்க. அவங்க வந்தா அந்த நேரம் பாத்துக்கொள்ளுவோம். எனக்கும் புள்ளகள் ஈக்கிது."

"பேரை வெட்டாமல் ஆயிரத்து எண்ணூறுக்குத் தருவியளோ, நானா?"

பளீல் வெளியே பார்ப்பதை விடவில்லை. டீச்சர் தம்பியைப் பார்த்தார். மூன்று பேர் இருக்கிறார்கள் என்று பொலிசில் எழுதிய வீட்டில் ஓர் ஆளைக் காட்டிக்கொண்டு இன்னும் எத்தனை தடவை அந்த வாசலில் போய் நிற்பது என்று அவரும் நினைத்திருக்கலாம். ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் முதலாம் திகதி இராஜரத்தினம் இரும்புக் கடைக்குப் போய் மூவாயிரத்தை மேசையில் வைத்தார். பளீல் அதை எண்ணாமல் லாச்சிக்குள் தள்ளினார்.

அந்தக் கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. போட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. சண்டிலிப்பாய் வீட்டுக்குக் கூரையில்லை, மாமா வீட்டில் இருக்கிறோம், பாஸுக்கு எழுதிக் கொடுத்தோம், பெயர் ஏற்கெனவே ஒருமுறை நிராகரிக்கப்பட்டது என்று தள்ளிவைத்துவிட்டார்கள் என்று லீலாதேவி எழுதியிருந்தாள். வழக்கமாகக் கடிதத்தின் அடியில் நளாயினி இரண்டு வரி எழுதுவாள். அந்த இடம் இந்தமுறையும் வெறுமையாக இருந்தது. கடிதத்தைத் திருப்பியும் பார்த்தார்.

மாசி கழிந்தும் மழை விடவில்லை. மேற்குச் சுவரின் ஈரம் மேசைக்கு இறங்கியிருந்தது. லாச்சியை இழுத்தார். கொப்பிகளின் ஓரம் ஊதி, மட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றைப் பிரித்து, அடுப்பை மூட்டி, ஒவ்வொன்றாகத் தணலுக்கு மேலே பிடித்துக் காயவைத்தார். எல்லாம் ஒன்பதாம் ஆண்டுக் கொப்பிகள். தை பிறந்ததோடு அவள் பத்தாம் ஆண்டுக்குப் போயிருப்பாள்.

காய்ந்தவற்றை மறுபடி லாச்சிக்குள் அடுக்கினார். மேசையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டார். அதன்பிறகு அந்த அறைக்குள் அவருக்குப் பாய் விரிக்க இடம் போதவில்லை. கதவடியில் விரித்தார்.